காலாவதியை யார் எழுதுவது? டிஎன்எஸ் கேஷ் தரநிலைகள் நான்கை ஒப்பிட்டு ஒரு முடிவு

இணையப் பெயர்களுக்கு உரிய முகவரி எண்ணைச் சொல்லும் அமைப்பு டிஎன்எஸ். அதன் பதிவு ஒவ்வொன்றும் தன் ஆயுளைத் தன்னோடு சுமந்துகொண்டு வருகிறது. “இந்தப் பெயருக்கு இதுதான் முகவரி, 300 நொடி வரை நினைவில் வைத்துக்கொள்” என்று அந்த டொமைனை நடத்துபவர் எழுதி அனுப்புகிறார். அந்த எண்ணுக்குத்தான் டிடிஎல் என்று பெயர். ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவணங்களில், 1987 நவம்பரில் வெளியான 1034, 1035 இரண்டும் வகுத்த ஏற்பாடு இது. பயனர்களுக்காகப் போய்க் கேட்டு வந்து, பதிலைக் கேஷ் என்ற தற்காலிக நினைவில் வைத்திருக்கும் சர்வர்தான் ரிசால்வர். நேரம் முடிந்ததும் அது அந்தப் பதிலை மறந்துவிட வேண்டும். அடுத்தவர் கேட்டால் மறுபடி போய்க் கேட்டு வர வேண்டும். காலாவதியைக் குறிக்கும் உரிமை பதிவின் உரிமையாளரிடம் இருந்தது.

அண்மை ஆண்டுகளில் வந்த நான்கு ஆவணங்கள் இந்த உரிமையை ஏதோ ஒரு வகையில் தொடுகின்றன. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8198, உரிமையாளர் மின்கையொப்பமிட்ட “இல்லை” என்ற பதில் ஒன்றைக் கொண்டு இன்னும் கேட்கப்படாத பெயர்களுக்கும் “இல்லை” சொல்ல ரிசால்வருக்கு இடம் தருகிறது. 2020 மார்ச்சில் வந்த 8767, உரிமையாளரின் பதிவுகளை வைத்திருக்கும் அதிகாரபூர்வ சர்வர்கள் எட்டாமல் போனால் காலாவதியான பதிலையே கொடுக்கலாம் என்கிறது. அதே ஆண்டு ஜூனில் வந்த 8806, ரூட் சோன் (டிஎன்எஸ் பெயர்மரத்தின் உச்சியில் உள்ள பதிவுத் தொகுப்பு) முழுவதையும் நகலெடுத்து ரிசால்வருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் முறையை விவரிக்கிறது. 2023 டிசம்பரில் வந்த 9520, தோல்வியையும் கேஷில் வைத்தே தீர வேண்டும் என்று கட்டாயமாக்குகிறது.

நான்கையும் ஒரே நாளில் இயக்கிவிடலாம். உள்ளமைவுக் கோப்பில் சில வரிகள்தான். அப்படிச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ரிசால்வர் நடத்தும் ஒரு சிறு குழு எதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், எதற்கு வரம்பு கட்ட வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்பதே இங்கே கேள்வி. இவற்றை எடைபோட வேகம், சுமை, நினைவகம் என்று பல அளவுகோல்கள் உண்டு. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: ரிசால்வர் இந்தப் பதிலைச் சொல்லும்போது யாருடைய வாக்கைச் சொல்கிறது? உரிமையாளர் கையொப்பமிட்டுச் சொன்னதையா, அல்லது உரிமையாளர் சொல்லி முடித்த பிறகும் தானாக நீட்டித்துக்கொண்டதையா?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு 2008க்குத் திரும்பிப் போக வேண்டும். நீண்ட டிடிஎல் இருந்தால் கேஷில் போலிப் பதிலை நுழைப்பது கடினம் என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். உண்மைப் பதிலை முந்திக்கொண்டு போலியை நுழைக்கப் போட்டி நடக்கும் தருணம் டிடிஎல் முடியும்போது மட்டுமே வரும் என்பது கணக்கு. பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி அந்தக் கணக்கை உடைத்தார். இல்லாத துணைப்பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால், ஒவ்வொரு பெயருக்கும் ரிசால்வர் வெளியே போயாக வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய போட்டி. கேள்வியின் அடையாள எண்ணுக்கு 65,536 சாத்தியங்கள்தான். அதை ஊகித்துவிட்டால், “அந்த டொமைனுக்கான சர்வர் இதோ இங்கே இருக்கிறது” என்று கூடுதல் பதிவு ஒன்றைச் செருகி முழு டொமைனையும் கைப்பற்றிவிடலாம். 2009 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 5452, கேள்வி புறப்படும் வாயிலைக் குறிக்கும் போர்ட் எண்ணையும் ஊகிக்க முடியாதபடி மாற்றச் சொல்லி, போட்டியை மிகக் கடினமாக்கியது. ஆனால் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் போர்ட் எண்ணையும் பக்கவாட்டுக் கசிவு (சர்வரின் நடத்தையில் தெரியும் மறைமுகத் தடயம்) வழியாகக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டிவிட்டது.

ஆகவே கேஷை நீட்டிக்கும் எந்த யோசனையைப் பற்றிப் பேசுவதற்கும் முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பதிவுகளின் மின்கையொப்பத்தைச் சோதிக்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு இயங்க வேண்டும். 2005இல் வந்த ஆர்எஃப்சி 4033, 4034, 4035 அதன் அடித்தளம்; ரூட் சோன் கையொப்பமிடப்பட்டது 2010 ஜூலை 15 அன்று. சரிபார்க்காத கேஷை நீட்டிப்பது, உள்ளே போலி இருந்தால் அதன் ஆயுளையும் நீட்டிப்பதுதான்.

இனி முதலாவது, 8198. எனக்கு இந்த நான்கில் மிகவும் பிடித்தது இதுதான். கவலை தருவதும் இதுதான். ஆகவே இதில் சற்று நேரம் நிற்கிறேன்.

கையொப்பமிட்ட சோனில் “இல்லை” என்று சொல்வது எளிதல்ல. இல்லாத பெயர்களுக்கு எண்ணிக்கை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே கையொப்பம் போட்டு வைக்க முடியாது. அதற்காக வந்ததுதான் என்செக் பதிவு. அது இடைவெளிக்குக் கையொப்பமிடுகிறது. “மெயில் என்ற பெயருக்கு அடுத்து வருவது ஷாப், நடுவில் எதுவும் இல்லை” என்பது அதன் பொருள். நியூஸ் என்ற பெயரை யாரோ கேட்டபோது இந்தப் பதிவு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து இன்னொருவர் போட்டோ என்று கேட்கிறார். அதுவும் அதே இடைவெளியில்தான் விழுகிறது. கையில் ஏற்கெனவே ஆதாரம் இருக்க, ஏன் மறுபடி வெளியே போக வேண்டும்?

2005இல் இதே கேள்வியை 4035 எழுதியவர்களும் கேட்டிருக்கிறார்கள். ரிசால்வர் தானே பதிலை உருவாக்கத் தொடங்கினால், உரிமையாளர் புதிதாகச் சேர்த்த பெயர் மறைந்துபோகலாம் என்று தயங்கி, தவிர்ப்பதே விவேகம் என்று எழுதி வைத்தார்கள். அந்தத் தயக்கம் விலக 12 ஆண்டுகள் ஆயின. விலகியதற்குக் காரணம், இல்லாத பெயர்களைக் கேட்கும் வெள்ளம்.

இந்த வெள்ளத்துக்கு இரண்டு முகங்கள். ஒன்று தாக்குதல்: தற்செயல் எழுத்துகளைக் கோத்துப் பல்லாயிரம் துணைப்பெயர்களைக் கேட்டு, ரிசால்வரின் கையாலேயே அதிகாரபூர்வ சர்வரை மூழ்கடிப்பது. மற்றது நல்லெண்ணத்தில் விளைந்தது. குரோமியம் உலாவி தொடங்கும்போதெல்லாம், பிணையம் “இல்லை” என்ற பதிலைத் திருத்துகிறதா என்று பார்க்க 7 முதல் 15 எழுத்து கொண்ட மூன்று தற்செயல் பெயர்களைக் கேட்டது. 2020இல் அளந்து பார்த்தபோது ரூட் சர்வர்களுக்கு வந்த போக்குவரத்தில் ஏறத்தாழ பாதி இதுதான் என்று தெரிந்தது. பிறகு உலாவியில் அதை மாற்றினார்கள். ஆனால் அந்த மூன்று கேள்விகளும் ரிசால்வரைத் தாண்டி ரூட் வரை போகவே தேவை இருக்கவில்லை. ரூட் சோனில் இருக்கும் உச்சநிலை டொமைன்கள் (டாட்காம், டாட்நெட் போன்றவை) சுமார் 1,400. அத்தனை என்செக் பதிவுகள் கைக்கு வந்துவிட்டால், இல்லாத உச்சநிலைப் பெயர்கள் அனைத்துக்கும் பதில் உள்ளேயே இருக்கிறது. அந்தப் பதிவுகளின் ஆயுளோ 86,400 நொடி, அதாவது ஒரு முழு நாள்.

என் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் இது சுத்தமானது. ரிசால்வர் சொல்லும் ஒவ்வொரு “இல்லை”யும் உரிமையாளர் கையொப்பமிட்ட வாக்கு. காலாவதியும் அவர் குறித்ததே. “இல்லை” என்பதன் ஆயுள் அதிகமாக இருப்பதாக அவர் நினைத்தால் சோனின் தலைப்புப் பதிவான எஸ்ஓஏ பதிவில் ஓர் எண்ணைக் குறைத்தால் போதும். 2021இல் வந்த ஆர்எஃப்சி 9077, என்செக் பதிவின் டிடிஎல் அந்த எண்ணையும் எஸ்ஓஏ பதிவின் சொந்த டிடிஎல்லையும் ஒப்பிட்டு, குறைவானதைத் தாண்டக்கூடாது என்று தெளிவாக்கியது. அதுவரை சில சோன்களில் என்செக் பதிவு தேவைக்கு மேல் நீண்டு வாழ்ந்தது.

ஒரு நுட்பமான விலை உண்டு. பழைய முறையில், யாரோ கேட்டு “இல்லை” என்று வந்த பெயர் மட்டுமே மறைந்திருக்கும். இப்போது யாருமே கேட்டிராத பெயரும், இடைவெளிக்குள் விழுந்தால் மறைந்திருக்கும். புதிய துணைப்பெயரைச் சேர்த்துவிட்டு உடனே சோதித்துப் பார்ப்பவர் குழம்பிப்போவார். அவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது ரிசால்வர் நடத்துபவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

பெரிய விலை வேறு. கையொப்பம் சரி, கையொப்பமிட்ட செய்தி தவறு என்றால்? 2021 செப்டம்பர் 30 அன்று அலுவலக உரையாடல் செயலியை நடத்தும் ஸ்லாக் நிறுவனம் தன் டொமைனில் டிஎன்எஸ்செக்கை இயக்கியது. அது அவர்களுடைய மூன்றாவது முயற்சி. அவர்களிடம் ஒரு வைல்ட்கார்டு பதிவு (தனியாக எழுதப்படாத துணைப்பெயர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது) இருந்தது. அதன் கீழ் வரும் பெயருக்கு ஐபிவி6 முகவரி கேட்டபோது, அதிகாரபூர்வ சர்வர் அனுப்பிய என்செக் பதிவின் வகைப்பட்டியலில் (அந்தப் பெயருக்கு எந்தெந்த வகைப் பதிவுகள் உண்டு என்ற பட்டியல்) ஐபிவி4 முகவரியும் விடுபட்டிருந்தது. 8198இன்படி நடந்த ரிசால்வர்கள் அதை எழுத்துக்கு எழுத்து நம்பின: இந்தப் பெயருக்கு ஐபிவி4 முகவரியே கிடையாது! அடுத்து வந்த ஐபிவி4 கேள்விகளுக்கு வெளியே போகாமலே “இல்லை” என்றன. 8198ஐ இயக்காத ரிசால்வர்களில் ஒன்றுமே தெரியவில்லை.

அதற்கு மேல் நடந்ததுதான் கேஷ் பற்றிய உண்மையான பாடம். பதறிப்போய்க் கையொப்பத்தையும் தாய்ச் சோனில் இருந்த டிஎஸ் பதிவையும் எடுத்துவிட்டார்கள். டிஎஸ் பதிவின் ஆயுள் 24 மணி நேரம். உலகெங்கும் இருந்த ரிசால்வர்களின் கேஷில் “இந்த டொமைன் கையொப்பமிடப்பட்டது” என்ற சாட்சி அப்படியே இருக்க, போய்ப் பார்த்தால் கையொப்பம் இல்லை. சரிபார்க்கும் ரிசால்வர் ஒவ்வொன்றும், செய்ய வேண்டியபடியே, பதிலை நிராகரித்தது. சிலருக்கு மட்டும் இருந்த பழுது, சரிபார்ப்பவர் எல்லோருக்குமான பழுதாக மாறியது.

இதைக் கொண்டு 8198ஐ ஒதுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பிழை கையொப்பமிட்ட பக்கத்தில் இருந்தது. அது வெளிப்பட்டது இந்தப் பக்கத்தில். ஆனால் மதிப்பாய்வு செய்பவர் இதை எடைபோட்டே ஆக வேண்டும், ஏனென்றால் புகார் வந்து சேருவது ரிசால்வர் நடத்துபவரிடம்தான். பரவலாகப் பயன்படும் டிஎன்எஸ் மென்பொருளான பைண்டிலேயே இந்த வசதி முதலில் இயல்பாக இயக்கப்பட்டு, 9.14 வரிசையில் நிறுத்தப்பட்டு, திருத்தி எழுதப்பட்டபின் 9.18இல் மீண்டும் இயல்பானது. மீண்டும் வந்தபோது என்செக் பதிவுகளுக்கு மட்டும், என்செக்3 சேர்க்கப்படவில்லை.

என்செக்3 பற்றி ஒரு சிறு விலகல். என்செக் பதிவுகளை வரிசையாகப் பின்தொடர்ந்தால் சோனில் உள்ள எல்லாப் பெயர்களையும் பட்டியலிட்டுவிடலாம் என்பதால், பெயர்களை ஹாஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாத குறியாக மாற்றி) மறைக்கும் என்செக்3 2008இல் ஆர்எஃப்சி 5155ஆக வந்தது. மறுபடி மறுபடி ஹாஷ் செய்வது பாதுகாப்பைக் கூட்டும் என்று கருதி 2,500 சுற்று வரைக்கும் அது இடம் கொடுத்தது. 2022இல் வந்த 9276 சுற்று பூஜ்யமாக இருக்கட்டும், ஹாஷில் கலக்கும் “உப்பு” என்ற கூடுதல் எழுத்துகளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்தச் சுற்றுகள் திருடனைத் தடுத்ததைவிட ரிசால்வரை வாட்டியதே அதிகம். இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: டாட்காம் போன்ற பெரிய சோன்கள் என்செக்3இன் விலக்கு வசதியைப் பயன்படுத்துகின்றன. கையொப்பமிடாத துணை டொமைன்கள் அங்கே சங்கிலியில் இடம்பெறாததால் இடைவெளியைக் கொண்டு “இல்லை” என்று முடிவுகட்ட முடியாது. கேட்ட பெயரை மட்டுமே மறைக்கும் அளவுக்குக் குறுகிய இடைவெளியை அவ்வப்போது உருவாக்கிக் கையொப்பமிடும் சேவைகளும் உண்டு. அங்கேயும் 8198க்கு வேலை இல்லை. ஆக இதன் பலன் ரூட்டிலும் என்செக் பயன்படுத்தும் சோன்களிலும் நிறையக் கிடைக்கும், மற்ற இடங்களில் மெலிந்துபோகும்.

இரண்டாவது, 8767. நான்கில் பயனர் கண்ணுக்கு நேரடியாகத் தெரியும் நன்மை இதில்தான் இருக்கிறது. 2016 அக்டோபர் 21 அன்று டின் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் மீது பெருந்தாக்குதல் நடந்தபோது ட்விட்டர், ஸ்பாட்டிஃபை உள்ளிட்ட பல தளங்களைப் பலரால் அடைய முடியவில்லை. அந்தத் தளங்களின் சர்வர்கள் நலமாகத்தான் இருந்தன. முகவரி சொல்பவர் மட்டுமே வாய் திறக்க முடியாத நிலை. ரிசால்வர்களிடம் சற்று முன்புவரை அந்த முகவரி இருந்தது. டிடிஎல் முடிந்த காரணத்தால் தூக்கி எறிந்திருந்தன. பழைய முகவரியே இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல் அல்லவா என்ற எண்ணம் இங்கிருந்து பார்த்தால் மறுக்க முடியாதது.

ஆவணம் கொடுக்கும் எண்கள் நிதானமானவை. முதலில் புதிதாகக் கேட்டுப் பார், 1.8 நொடிக்குள் பதில் வராவிட்டால் பழையதைக் கொடு. அப்படிக் கொடுக்கும்போது டிடிஎல் 30 நொடி என்று போடு. ஒருமுறை தோற்றால் 30 நொடிக்குப் பிறகுதான் மறுபடி முயற்சி செய். காலாவதிக்குப் பிறகு 1 முதல் 3 நாள் வரைக்கும்தான் வைத்திரு. இவற்றில் உயிர்நாடி அந்த 1.8 நொடி. பழையது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதை அந்த எண்தான் காக்கிறது.

சில மென்பொருள்களில் இதைப் பூஜ்யமாக வைக்கலாம். அப்போது ரிசால்வர் பழையதை உடனே கொடுத்துவிட்டுப் பின்னணியில் புதியதைத் தேடுகிறது. வேகம் அபாரமாக இருக்கும். நாங்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் வைத்திருந்தோம். அடிக்கடி கேட்கப்படும் பெயர்களில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. சிக்கல் நாளுக்கு ஒரு முறை கேட்கப்படும் பெயரில் இருந்தது. ஒரு தளம் வேறு சர்வருக்கு இடம்பெயர்ந்தது. அதை நடத்தியவர்கள் ஒழுங்காக முந்தைய நாளே டிடிஎல்லை 300 ஆகக் குறைத்திருந்தார்கள். ஆனாலும் எங்கள் பயனர் மறுநாள் காலையில் பழைய முகவரிக்கே போய்ச் சேர்ந்தார், ஏனென்றால் அந்தக் காலை கேட்ட முதல் ஆள் அவர். அதிகாரபூர்வ சர்வர் பழுதாகவில்லை, பிணையம் அறுந்திருக்கவில்லை. உரிமையாளர் குறித்த காலாவதியை எங்கள் வேகத்துக்காக நாங்கள் மீறியிருந்தோம். அந்தத் தளத்தாருக்கு நான் எழுதிய விளக்கக் கடிதம் இன்னும் நினைவிருக்கிறது.

என் அளவுகோலில் 8767 ஒரு மீறல்தான். பழுது நேரத்தில் மட்டும், பொதுநன்மைக்காகச் செய்யப்படும் மீறல். அதன் பாதுகாப்புப் பகுதியை நேர்மையாக எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும். அதிகாரபூர்வ சர்வரைத் தாக்கி வாயடைத்தால், கைவிடப்பட்ட பழைய முகவரியைக் கேஷில் உயிரோடு வைத்திருக்கலாம். மேகச் சேவைகளில் அந்த முகவரி இன்று வேறொருவருடையதாக இருக்கலாம். அவர் அந்த டொமைன் பெயருக்கு, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழைக் கேட்டு, சான்றிதழ் வழங்குபவரின் ரிசால்வரும் பழைய பதிலையே கொடுத்தால், தவறான ஆளுக்குச் சான்றிதழ் போய்விடும். அதனால்தான் சான்றிதழ் வழங்குபவர்கள் ஒவ்வொரு முறையும் ரூட்டிலிருந்தே தேடிப் பார்க்க வேண்டும் என்ற யோசனையை ஆவணம் குறிப்பிடுகிறது.

கையொப்பத்தோடு இது மோதும் இடமும் உண்டு. டிஎன்எஸ்செக் கையொப்பத்துக்குத் தனி முடிவு நாள் இருக்கிறது. டிடிஎல்லைத் தாண்டி நீட்டிக்கப்பட்ட பதிவு அந்த முடிவு நாளையும் தாண்டினால், தானே சரிபார்க்கும் பயனர் அதை ஏற்க மாட்டார். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கையொப்பத்தின் முடிவு நாள்தான் இறுதி எல்லையாக இருக்க வேண்டும். டிடிஎல் என்பது எவ்வளவு அடிக்கடி விசாரிக்கலாம் என்ற குறிப்பு. அவசரத்தில் அதை நீட்டிக்கலாம். கையொப்பத்தின் முடிவு நாள், “இதற்கு மேல் என் பெயரைச் சொல்லாதே” என்ற எழுத்து. அதே காரணத்தால், புதிய பதில் வந்து அது சரிபார்ப்பில் தோற்றால் பழையதைக் கொடுத்துச் சமாளிக்கக்கூடாது. சரிபார்ப்புத் தோல்வி ஒரு மணியோசை. பழைய பதிலைப் போர்த்தி அதை அடக்கினால் உரிமையாளருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

2020 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 8914 இந்த இடத்தில் கைகொடுக்கிறது. பதிலோடு ஒரு காரணக் குறியையும் சேர்த்தனுப்பும் ஏற்பாடு அது; எண் 3 வந்தால் பழைய பதில் என்று பொருள். 8767ஐ இயக்குபவர் இதையும் சேர்த்தே இயக்க வேண்டும். பழையதைக் கொடுப்பதில் தவறில்லை. பழையது என்று சொல்லாமல் கொடுப்பதுதான் தவறு.

மூன்றாவது, 9520. இதில் விவாதிக்க அதிகம் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்கள் இணையத்திலிருந்தே மறைந்தபோது, அதன் டொமைன்களுக்காக டாட்காம், டாட்நெட் சர்வர்களுக்கு நொடிக்குச் சுமார் 7,000 ஆக வந்துகொண்டிருந்த கேள்விகள் 9,00,000 ஆக உயர்ந்தன. தோல்வியை நினைவில் வைக்காத ரிசால்வர்கள் ஒவ்வொரு பயனர் கேட்கும்போதும் மேலே ஏறிப் போய் மறுபடி மறுபடி தட்டியதன் விளைவு அது. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2308 தோல்வியை 5 நிமிடம் வரை கேஷில் வைக்க அனுமதித்தது. விருப்பம் இருந்தால் செய் என்றது. 9520 அதைக் கடமையாக்கியது: குறைந்தது 1 நொடி, அதிகபட்சம் 5 நிமிடம், மறுபடி தோற்றால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போ. இங்கே உரிமையாளரின் வாக்கே இல்லை, ஏனென்றால் அவரை எட்டவே முடியவில்லை. எனவே எதையும் மீறவும் இல்லை. இயக்குங்கள். பழுதைச் சரிசெய்த உரிமையாளர் அதிகபட்சம் 5 நிமிடம் காத்திருப்பார். அது நியாயமான விலை.

நான்காவது, 8806. ரூட் சோனின் முழு நகலையும் ரிசால்வரிலேயே வைத்துக்கொண்டால், ரூட் சர்வர்களிடம் போகும் நேரம் மிச்சம், எந்த உச்சநிலை டொமைனைக் கேட்கிறோம் என்று வழியில் யாருக்கும் தெரியாது. சோனின் அளவு சில மெகாபைட்தான். 2015இல் 7706ஆக வந்ததன் திருத்திய வடிவம் இது. மதிப்பாய்வு செய்பவர் கவனிக்க வேண்டிய முதல் சொல் இதன் முகப்பிலேயே இருக்கிறது: இது தகவல் ஆவணம். மற்ற மூன்றும் தரநிலைப் பாதையில் வந்தவை. “இப்படியும் செய்யலாம்” என்பதற்கும் “இப்படிச் செய்ய வேண்டும்” என்பதற்கும் உள்ள தூரம் அது.

நகல் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோவதுதான் இதன் ஒரே பெரிய ஆபத்து. ரூட் சோனின் எஸ்ஓஏ பதிவு 7 நாளை எல்லையாக வைக்கிறது. அதற்குள் புதுப்பிக்க முடியாவிட்டால் நகலைக் கைவிட்டு ரூட் சர்வர்களிடமே கேட்கப் போக வேண்டும். நகல் முழுமையாக வந்ததா என்று பார்ப்பதும் முன்பு சிரமம், ஏனென்றால் தாய்ச் சோனில் உள்ள சர்வர் முகவரிகளுக்குக் கையொப்பம் கிடையாது. 2021இல் ஆர்எஃப்சி 8976 சோன் முழுவதற்கும் ஒரே சுருக்க முத்திரையை வகுத்தது. 2023இல் ரூட் சோனிலும் அது சேர்ந்தது. இன்று 8806ஐ எடுப்பவர் அந்த முத்திரையைச் சரிபார்த்தே எடுக்க வேண்டும்.

ஆனால் எனக்குள்ள கேள்வி வேறு. 8198 இயங்கும் ரிசால்வருக்கு 8806 என்ன கூடுதலாகத் தருகிறது? ரூட்டிடம் போகும் வீண் கேள்விகளில் பெரும்பகுதி இல்லாத பெயர்கள். அவற்றை 8198 ஏற்கெனவே உள்ளேயே முடித்துவிடுகிறது. இருக்கும் உச்சநிலை டொமைன்களின் சர்வர் பட்டியலுக்கு ரூட்டில் டிடிஎல் 2 நாள். பரபரப்பான ரிசால்வரில் அவை எப்போதும் கேஷில்தான் இருக்கும். வெளித்தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும் பிணையம், அல்லது ரூட் சர்வர் வெகு தொலைவில் உள்ள பிணையம் என்றால் 8806க்கு இடம் உண்டு. மற்றவர்களுக்கு இன்னொரு கண்காணிப்புப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வதாகவே முடியும். நான் தள்ளிப்போடுவேன்.

இவை சேர்ந்து இயங்கும்போது வரும் சிக்கலைத் தனித்தனியாகப் படிப்பவர் பார்க்க மாட்டார். 8767, “இல்லை” என்ற பதிலையும் பழையதாக நீட்டிக்க இடம் தருகிறது. அது 8198இன் இடைவெளியோடு சேர்ந்தால், காலாவதியான ஓர் என்செக் பதிவைக் கொண்டு யாரும் கேட்காத பெயர்களுக்கு “இல்லை” என்று உருவாக்கும் நிலை வரலாம். புதிதாக டிஎஸ் பதிவைச் சேர்த்த டொமைன் நாள் கணக்கில் கையொப்பமில்லாததாகவே தெரியும். பதில் நேர்மையானது, ஆதாரம் காலாவதியானது. இந்தக் கலவையை நான் ஏற்க மாட்டேன். பழையதாக நீட்டிப்பது நேரடியாகக் கேட்டு வந்த பதிலோடு நிற்க வேண்டும்; உருவாக்கப்படும் “இல்லை”க்கு உயிருள்ள என்செக் மட்டுமே ஆதாரமாக வேண்டும். உங்கள் மென்பொருள் எப்படி நடக்கிறது என்பதைச் சோதனைச் சோன் ஒன்றை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஆவணத்தைப் படித்து மட்டும் இதை அறிய முடியாது.

புதிய வரைவு ஒன்று மதிப்பாய்வுக்கு வரும்போதும் இதே கண்ணோடு படிக்கப் பழகியிருக்கிறேன். “வேண்டும்” என்று எழுதிய இடங்களை முதலில் தேடுவேன், ஏனென்றால் தவறு செய்தால் எல்லோரையும் ஒரே நேரத்தில் தவறு செய்ய வைப்பது அந்தச் சொல்தான். 2024 பிப்ரவரியில் வெளியான கீட்ராப் என்ற தாக்குதல் முறை அதற்குச் சாட்சி. ஒரே அடையாள எண் கொண்ட பல சாவிகளையும் பல கையொப்பங்களையும் ஒரு பதிலில் அடுக்கி அனுப்பினால், ரிசால்வர் ஒவ்வொரு சேர்க்கையையும் முயன்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு பதிலால் சில மென்பொருள்களை 16 மணி நேரம் வரை முடக்க முடிந்தது. நிரல் எழுதியவர்கள் தரநிலையை மீறியதால் வந்த பழுது இல்லை இது. தரநிலை சொன்னபடி எல்லாச் சேர்க்கையையும் முயன்றதால் வந்தது. அந்த வாசகத்தின் வேர் 1999 வரை போகிறது. எத்தனை முறை முயல வேண்டும் என்பதற்கு மேல்வரம்பு எழுதாத “வேண்டும்” எதையும் அதன் பிறகு நான் எளிதில் கடந்துபோவதில்லை.

என் முடிவு இது. சரிபார்ப்பும் 9520உம் முதல் நாளே இயங்கட்டும். அடுத்து 8198, என்செக்குக்கு மட்டும். இயக்கிய முதல் இரண்டு வாரங்களுக்கு, உருவாக்கப்பட்ட “இல்லை” பதில்களில் முகவரி கேட்ட கேள்விகளைத் தனியாகப் பிரித்து, அவற்றை அதிகாரபூர்வ சர்வரிடம் மறுபடி கேட்டு ஒப்பிட வேண்டும். வகைப்பட்டியலைத் தவறாக எழுதும் சோன்கள் அதில் பிடிபடும். அந்தச் சோன்களுக்கு மட்டும் விலக்கு எழுதி, அவற்றை நடத்துபவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். மூன்றாவதாக 8767: காத்திருப்பு 1.8 நொடி, நீட்டிப்பு 1 நாள், காரணக் குறி கட்டாயம், சரிபார்ப்பில் தோற்றால் பழைய பதில் கிடையாது. 3 நாள் வரை ஆவணம் இடம் கொடுத்தாலும், ஒரு நாளுக்குள் எழுந்திருக்காத சேவையின் பழைய முகவரியைச் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னும் ஒன்று. உங்கள் ரிசால்வரைப் பயன்படுத்துபவர்களில் சான்றிதழ் வழங்கும் சேவையோ, மின்னஞ்சல் அனுப்புநரைச் சரிபார்க்கும் சேவையோ இருந்தால், அவர்களுக்குத் தனி ரிசால்வர் ஒன்றை ஒதுக்கி, அதில் 8767ஐ முழுவதுமாக அணைத்துவையுங்கள். அவர்கள் கேட்பது இந்த நொடியில் அந்தப் பெயர் யார் கையில் இருக்கிறது என்பதை. நேற்று யார் கையில் இருந்தது என்ற பதிலைவிட, தெரியவில்லை என்ற பதிலே அவர்களுக்குப் பயன்படும்.